தாய்மாமன் வெட்டிய பச்சை ஓலை

உளுத்தங்களி கிண்டும் வாசம் மாடிப்படி ஏறி வந்துதான் அன்று மங்கையர்க்கரசியை எழுப்பியது. வறுத்த உளுந்தும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்ந்த அந்த வாசத்தை அவள் தூக்கத்திலேயே அடையாளம் கண்டுகொண்டாள். கண்ணைத் திறப்பதற்கு முன்பே கோபம் வந்துவிட்டது.

சென்னையில் அவள் பெயர் தேவமாலா. கதாநாயகியாகப் பதினேழு படம் முடித்தவள். அதற்கு முன்னால், கவுன் போட்ட காலத்தில், 'பேபி மங்கை'. அவள் யாரிடமும் சொல்லாமல் தானே காரை ஓட்டிக்கொண்டு காரைக்காலுக்கு வந்து இறங்கியதைப் போன வாரம் பார்த்தோம். காரணமும் நினைவிருக்கும். ஒரு புதுப் படத்தில் அவளை அம்மா வேஷத்துக்குக் கேட்டார்கள். இருபத்தாறு வயதில் பத்து வயதுப் பெண்ணுக்கு அம்மாவா என்று முகத்தில் அடித்த மாதிரிச் சொல்லி அனுப்பிவிட்டாள். அந்தப் பத்து வயதுப் பெண் வேறு யாருமல்ல, தன் கூடப் பிறந்த தங்கை அல்லிதான் என்பதை ஒரு வாரப் பத்திரிகையில் 'பேபி அல்லி அறிமுகம்' என்று படம் போட்டிருந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

அல்லிக்குப் பதின்மூன்று நடக்கிறது. பத்து என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தாள் அம்மா வடிவாம்பாள். இன்று சாயங்காலம் நாலு மணிக்குக் கம்பெனிக் கார் வருகிறது.

மங்கை கீழே இறங்கி வந்தபோது சமையலறைக் கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. களி கிண்டக் கதவைச் சாத்துகிறவர்களை உலகத்தில் எங்காவது பார்த்ததுண்டா? மங்கை பார்த்திருக்கிறாள். ஓங்கித் தட்டினாள்.

வடிவாம்பாள் தாழை நீக்கினாள். நெற்றியில் வியர்வை. கையில் கரண்டி.

"யாருக்கும்மா களி?"

"எனக்குத்தான். ரெண்டு நாளா இடுப்பு வலி உசுரை எடுக்குது."

வார்த்தைக்கு வார்த்தை அதே பொய். பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் கோடம்பாக்கத்தில் ஒரு ஒண்டுக்குடித்தனத்தில், மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, வீட்டுக்கார அம்மாளிடம் வடிவாம்பாள் இதையேதான் சொன்னாள். அந்தக் களியைக் கதவுக்குப் பின்னால் நின்று சத்தமில்லாமல் தின்றவள் மங்கை.

வடிவாம்பாள் லேசுப்பட்ட பெண் இல்லை. வயசை மறைப்பாள், வருத்தத்தை மறைப்பாள், வந்த விருந்தாளி கண்ணில் படாமல் வீட்டில் நடந்த சண்டையையே மறைப்பாள். ஆனால் பெரியவளான பெண்ணுக்கு அந்த நாட்களில் களி கொடுக்காவிட்டால் இடுப்பு நிற்காது என்று அவளுக்கு யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். அதை மட்டும் அவளால் மீற முடியவில்லை. ஊரையே ஏமாற்றத் துணிந்தவளுக்கு உளுந்தை ஏமாற்றத் துணிச்சல் இல்லை.

மங்கை அம்மாவைத் தள்ளிக்கொண்டு போய் சாமான் அறைக் கதவைத் திறந்தாள். அல்லி ஒரு பாயில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தனித் தட்டு, தனி டம்ளர், ஒரு கொத்து வேப்பிலை. மடியில் படக் கம்பெனியிலிருந்து வந்த வசனத் தாள்கள். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

"எப்ப?" என்றாள் மங்கை.

"முந்தாநாளு," என்றாள் அல்லி தலையை நிமிர்த்தாமல்.

மங்கை கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள்.

"மாமாவுக்குச் சொன்னியா?"

"அவன் என்னாத்துக்கு? ஒம்போது வருஷமா இந்த வாசப்படிய மிதிக்காதவன்."

"ஏன் மிதிக்கல? அதைச் சொல்லு."

"காலங்காத்தால ஆரம்பிக்காதடி. நாளன்னிக்கி ஷூட்டிங்கு. இப்ப வெளியில தெரிஞ்சா என்னா ஆவும்? ஒங்க மாமன் ஓலையக் கொண்டாந்து எறக்கிட்டு வாசல்ல குந்திக்குவான். தண்ணி ஊத்துற வரைக்கும் புள்ளைய நகத்த முடியாது. ஊரு பூரா சடங்கு பார்த்த புள்ளைய எவன் பேபின்னு போஸ்டர் போடுவான்? ரெண்டு வருஷம் வாய மூடிக்கிட்டு இருந்தா ஆச்சு. நீ இருக்கல?"

"இருந்தேன்," என்றாள் மங்கை. குரல் எழும்பவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "அந்த வாரம் எனக்கு என்னா சீன் எடுத்தாங்கன்னு ஞாபகம் இருக்கா ஒனக்கு?"

வடிவாம்பாள் களியைக் கிண்டினாள்.

"கயிறு தாண்டுற பாட்டு. வெயில்ல, காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும். வயித்தப் புடிச்சிக்கிட்டு அழுதேன். டைரக்டர்கிட்ட நீ என்னா சொன்ன? பூரி தின்னுட்டா, அஜீரணம்னு சொன்ன. எல்லாரும் சிரிச்சாங்க. நீயும் சிரிச்ச."

"அந்தப் பாட்டுலதானடி ஒனக்குப் பேரு வந்துச்சு."

அது உண்மை. உண்மையாக இருந்ததுதான் மங்கைக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. அதற்குப் பின்னால் மூன்று வருஷம் அவள் ரிப்பன் கட்டிக்கொண்டு மழலை பேசினாள். ஒத்த வயதுப் பெண்கள் தாவணி போட்டுக்கொண்டு போவதை ஸ்டூடியோ வேனின் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். தன் உடம்பில் என்ன நடக்கிறது என்று கேட்க ஒரு அத்தை இல்லை, சித்தி இல்லை. தப்புச் செய்தவள் மாதிரி மாதா மாதம் ஒளிந்துகொண்டாள்.

"அவளை விட்டுடும்மா. பள்ளிக்கூடம் போவட்டும்."

வடிவாம்பாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நான் வெளிப்படையாவே சொல்லிடுறேன். ஒனக்கு மார்க்கெட்டு போயிட்டு. அம்மா வேஷம் கேட்டு வர ஆரம்பிச்சிட்டாங்க. தங்கச்சி முன்னுக்கு வர்றத ஒன்னால பார்க்க முடியல. அதான் இந்தக் கூத்து."

 பொறாமை துளிகூட இல்லை என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய மங்கையால் முடியாது. அந்தப் பத்திரிகைப் படத்தைப் பார்த்த நிமிஷம் நெஞ்சில் சுருக்கென்று குத்தியது எது என்று அவளுக்கே இன்னும் நிச்சயமில்லை. அதைத் தன் அம்மா அவ்வளவு சுலபமாகக் கண்டுபிடித்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மாடத்தில் இருந்த கார் சாவியை எடுத்தாள்.

"எங்கடி போற?"

"வரிச்சிக்குடிக்கு."

வடிவாம்பாள் வாசல்வரை ஓடிவந்தாள். அதற்குள் கார் தெரு முனையைத் தாண்டிவிட்டது.

கோட்டுச்சேரி ரோட்டில் அவள் ஓட்டிய வேகத்துக்குச் சைக்கிள்காரர்கள் எல்லாம் வயலில் இறங்கி நின்றார்கள். புரட்டாசி மாதம். குறுவை அறுவடை மும்முரமாக இருந்தது. வரிச்சிக்குடியில் மாமா குஞ்சிதபாதம் வீட்டை ஒட்டிய களத்தில் கட்டடிப்பு நடந்துகொண்டிருந்தது. ஐம்பத்தைந்து வயதிலும் ஆட்களோடு ஆளாக நின்று அவரே நெற்கட்டைத் தூக்கி அடித்துக்கொண்டிருந்தார்.

கார் வந்து நின்றதும் பெண்கள் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். தேவமாலாடி, தேவமாலாடி என்று முணுமுணுப்பு பரவியது. குஞ்சிதபாதம் மட்டும் திரும்பவில்லை.

"மாமா," என்றாள் மங்கை.

"அமுதம்," என்று அவர் தன் மனைவியைக் கூப்பிட்டார். "வந்தவங்களுக்கு என்னா வேணும்னு கேளு. சினிமாக்காரங்களுக்குக் களத்துல என்னா வேலை?"

அமுதம் முறத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அத்தைகிட்ட என்னாத்துக்குச் சொல்லணும், ஒங்ககிட்டதான் சொல்ல வந்தேன்," என்றாள் மங்கை. "அல்லி பெரியவளாயிட்டா. முந்தாநாளு. அம்மா ஒங்களுக்குச் சொல்ல மாட்டா. நான் சொல்றேன்."

குஞ்சிதபாதத்தின் கையில் இருந்த கட்டு பாதியில் நின்றது. அதை மெதுவாகக் கீழே போட்டார். திரும்பி மங்கையை முதல் தடவையாகப் பார்த்தார்.

"நீ பெரியவளானத எனக்கு யாரு சொன்னாங்கன்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியும் மாமா."

"தெரியாது. கேட்டுக்க. வருஷா வருஷம் பொங்கலுக்கு ஒங்கம்மாகிட்ட கேப்பேன். இன்னும் இல்லண்ணே, இன்னும் இல்லண்ணேன்னு சொல்லுவா. நானும் நம்பிக்கிட்டு, கும்பகோணத்துல பட்டு எடுத்துப் பொட்டியில வச்சிருந்தேன். ஒருநாள் காரைக்கால் பஸ் ஸ்டாண்டுல எறங்குறேன். செவுத்துல நீ. சேலை கட்டிக்கிட்டு, கூந்தல்ல பூ வச்சிக்கிட்டு, எவனோ ஒருத்தன் தோள்ல சாஞ்சிக்கிட்டு நிக்கிற. டீக்கடையில எல்லாவனும் கேக்குறான். என்னா குஞ்சிதபாதம், தங்கச்சி மவளுக்குச் சீரு எப்ப செஞ்ச, எங்களையெல்லாம் கூப்பிடலியேன்னு கேக்குறான். எனக்குச் செவுரு வந்து சேதி சொல்லிச்சு. ஒரு தாய்மாமனுக்கு அதைவிட வேற என்னா அசிங்கம் வேணும்?"

அவர் குரல் உடைந்தது. அதை மறைக்கத் தலைத்துண்டை அவிழ்த்து உதறினார்.

"அதான் வந்திருக்கேன்," என்றாள் மங்கை. அவளுக்கும் கண் கலங்கியது. "இந்தத் தடவை செவுரு சொல்ல வேணாம்னு வந்திருக்கேன். நாலு மணிக்குக் கார் வருது. அதுக்குள்ள நீங்க ஓலை வெட்டுங்க."

"முடியாது."

"ஏன்?"

"மூத்தவளுக்கு முறை செய்யாம இளையவளுக்கு ஓலை வெட்டுற பழக்கம் எங்க வமிசத்துல கெடையாது."

மங்கைக்கு மறுபடியும் கோபம் ஏறிவிட்டது. "அதுக்கு? என்னைய இருவத்தாறு வயசுல குடிசைக்குள்ள குந்த வைக்கப் போறீங்களா? முறை, முறை. அங்க சின்னப் புள்ளைய ரிப்பன் கட்டிக் கார்ல ஏத்தப் போறாங்க, நீங்க இஞ்ச நின்னு முறை பேசுறீங்க."

களத்தில் யாரோ ஒருத்தி வாய்விட்டுச் சிரித்தாள். குஞ்சிதபாதம் முறைத்ததும் நிறுத்திக்கொண்டாள்.

அமுதம் எதுவும் பேசாமல் வீட்டுக்குள் போயிருந்தாள். திரும்பி வரும்போது இடுப்பில் ஒரு குடம். குடத்தில் மஞ்சள் கரைத்த தண்ணீர்.

"குந்து," என்றாள் மங்கையிடம்.

"அத்தை, என்னா பண்றீங்க, இது பட்டு…"

அவள் முடிக்கவில்லை. அமுதம் அவள் தோளை அழுத்தி வைக்கோல்மேல் உட்காரவைத்து, குடத்தை அப்படியே தலையில் கவிழ்த்தாள். முந்தின இரவு வந்த களைப்பில் மாற்றாமலே படுத்துவிட்ட மைசூர்ப் பட்டு, பவுடர், சென்னையிலிருந்து போட்டுக்கொண்டு வந்த கொண்டை எல்லாம் மஞ்சளில் நனைந்தன. கட்டடித்துக்கொண்டிருந்த பெண்கள் ஒரு கணம் திகைத்து நின்றார்கள். பிறகு மூத்தவள் ஒருத்தி குலவையிட்டாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

மங்கைக்கு எழுந்து நின்று கத்தவேண்டும் போல இருந்தது. யாரைக் கேட்டு ஊற்றினீர்கள் என்று கேட்க வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. கிளிசரின் இல்லாமல் அவள் அழுது ரொம்ப நாளாகியிருந்தது. அமுதம் தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, புருஷன் பக்கம் திரும்பினாள்.

"மூத்தவளுக்கு ஆயிட்டு. இப்ப போய் மரத்துல ஏறுங்க."

குஞ்சிதபாதம் அருவாளை எடுத்துக்கொண்டு கொல்லைத் தென்னையை நோக்கி நடந்தார். தாய்மாமன் தன் கையால் வெட்டிய பச்சை ஓலை விழும் சத்தம் களம்வரை கேட்டது.

நாலு மணிக்குச் சற்று முன்னாலேயே கம்பெனிக் கார் வந்துவிட்டது. புரொடக்‌ஷன் மேனேஜர் சிதம்பரநாதன் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். அல்லிக்கு ரோஸ் கவுன் மாட்டி, ரெட்டைப் பின்னல் போட்டு, ரிப்பன் கட்டி, பெட்டி படுக்கையோடு வடிவாம்பாள் தயாராக நின்றாள்.

மஞ்சள் கறை காய்ந்த சேலையோடு மங்கை உள்ளே நுழைந்தாள். சிதம்பரநாதன் பாதி எழுந்து வணக்கம் சொன்னார். அவள் முகத்தைப் பார்த்ததும் மீதிப் பாதி எழும்பவில்லை.

"கெளம்பலாம் சார்," என்று வடிவாம்பாள் அவசரப்படுத்தினாள். "இருட்டுறதுக்குள்ள சிதம்பரம் தாண்டிடணும்."

அப்போது தெருவில் மாட்டுவண்டிச் சத்தம் கேட்டது. பிள்ளைகள் கூவிக்கொண்டு கூடவே ஓடிவந்தார்கள். எதிர்வீட்டு மெஹர் பானு கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். வண்டி நிறையப் பச்சை ஓலை, ஓலைமேல் அமுதம். வண்டிக்கு முன்னால் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு குஞ்சிதபாதம் நடந்து வந்தார். கோட்டுச்சேரி ரோடு முழுக்க, கடைத்தெரு முழுக்க அப்படியேதான் வந்திருந்தார். வேண்டுமென்றே பஸ் ஸ்டாண்டு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தார் என்று பிறகு அமுதம் சொன்னாள். வழியில் கேட்டவனுக்கெல்லாம் தங்கச்சி மவளுக்குச் சடங்கு என்று நின்று பதில் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

சிதம்பரநாதன் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். பச்சை ஓலையைப் பார்த்ததும் அவருக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"என்னாம்மா இது? பத்து வயசுன்னு சொன்னீங்களே," என்றார்.

வடிவாம்பாள் வாசலுக்குப் பாய்ந்தாள். "அண்ணே, என் பொழைப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே."

 குஞ்சிதபாதம் வண்டியிலிருந்து ஓலையை இறக்கி, வாசலின் ஓரத்தில் நாலு மூங்கிலை நட்டு, குடிசை கட்ட ஆரம்பித்தார். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. வடிவாம்பாள் தலையில் அடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள்.

மங்கை நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். பதின்மூன்று வருஷக் கோபம் அன்றைக்குத்தான் கொஞ்சம் ஆறினமாதிரி இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தாள்.

அல்லி கூடத்திலிருந்து வெளியே வந்தாள். நடந்துகொண்டே ரிப்பனை ஒவ்வொன்றாக இழுத்து எறிந்தாள். மங்கையின் முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, அன்னிக்கி ஒன்னைய யாராச்சும் கேட்டாங்களா, நடிக்கிறியா, வேணாமான்னு?"

"யாருமே கேக்கலடி. அந்தக் கோவத்துலதான் இன்னிக்கி நான்…"

"நீ என்னையக் கேட்டியா?"

மங்கை நிலைப்படியிலிருந்து நிமிர்ந்தாள்.

"காலையில கதவத் தொறந்த. எப்பன்னு கேட்ட. சாத்திட்டுப் போயிட்ட. வேற என்னா கேட்ட?" அல்லிக்கு அழுகை வரவில்லை. முகம் மட்டும் சிவந்திருந்தது. "எனக்கு வயசு பத்துன்னு அம்மா எல்லார்கிட்டயும் பொய் சொன்னா. நீ என்னைய வண்டியில ஏத்தி ஊரு பூரா காட்டிட்ட. நாளைக்கு நான் பள்ளிக்கூடத்துக்குப் போனா எல்லாப் பயலும் சிரிப்பான். நீ மெட்ராஸுக்குப் போயிடுவ."

"அல்லி, ஒன் நல்லதுக்குத்தான்டி."

"அம்மாவும் அதேதான் சொன்னா."

அவ்வளவுதான். அல்லி திரும்பினாள். மாமன் கட்டி முடித்த குடிசையை நோக்கி நடந்தாள். குனிந்து நுழைவதற்கு முன்னால் அமுதத்தைப் பார்த்தாள்.

"அத்தை, நீங்க எங்கூட இருங்க. இவங்க ரெண்டு பேரும் உள்ள வரக்கூடாது."

அமுதம் அவளோடு உள்ளே போய், தட்டியை இழுத்துக் குடிசையின் வாசலில் சாத்தினாள்.

சிதம்பரநாதன் மெல்ல நழுவித் தன் கார் கதவைத் திறந்தார். டிரைவர் வண்டியைக் கிளப்பினான். அப்போது குடிசைக்குள்ளிருந்து அல்லியின் குரல் கேட்டது. தெளிவான, கணீரென்ற குரல். தெருக்கோடிவரை கேட்கக்கூடிய குரல். அந்தக் குரலை மங்கைக்குத் தெரியும். ஒரு காலத்தில் அவளுக்கு இருந்த குரல் அது.

"மாமா, அந்த மேனேஜர் சாரைப் போவ வேணாம்னு சொல்லுங்க. நான் அவர்கிட்ட பேசணும்."

குஞ்சிதபாதம் ஒரு கையில் மிச்ச ஓலையோடு அப்படியே நின்றார். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாகத் தங்கச்சியைப் பார்த்து, "என்னாடி செய்யட்டும்?" என்றார். வடிவாம்பாள் பெரிய மகளைப் பார்த்தாள். இனி தன் சொல்லுக்கு அந்த மேனேஜர் மதிப்புக் கொடுக்கமாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

கார் நகர ஆரம்பித்தது.

மங்கை படியிறங்கி ஓடினாள். மஞ்சள் சேலை காலைத் தடுக்க, தெரு முழுக்க வேடிக்கை பார்க்க, காரின் ஜன்னலைப் பிடித்து நிறுத்தினாள். காலையிலிருந்து எந்தக் காரை விரட்டுவதற்கு ஊரைக் கூட்டினாளோ, அந்தக் காரைத்தான்.

"சார், கொஞ்சம் எறங்குங்க," என்றாள். சொல்லும்போதே அவளுக்கு வாய் எரிந்தது. "என் தங்கச்சி ஒங்ககிட்ட பேசணுமாம்."

"என்ன பேசணுமாம்?" என்றார் சிதம்பரநாதன்.

"தெரியாது," என்றாள் மங்கை. "நான் அவளைக் கேக்கல."